சத்தியவீரனைத் திருத்தியவள்

விவாகரத்து ஆனபோது வீட்டுச் சாமான்களைப் பிரிப்பதில் அவர்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. கட்டில் அவனுக்கு, அலமாரி அவளுக்கு, துணி துவைக்கும் மெஷினை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். தகராறு வந்தது, வாராவாரம் கூடி விளையாடும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்காக. அது தனக்குத்தான் என்றாள் அவள். தனக்குத்தான் என்றான் அவன். இரண்டு தரப்பு வக்கீல்களும் முழித்தார்கள். ஒரு விளையாட்டுக்காகவா இப்படி மல்லுக்கு நிற்கிறீர்கள் என்று கோர்ட் வராந்தாவில் ஒருவர் வாய்விட்டே கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வழக்கமாக ஆடும் அதே மேசைக்கு வந்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். வட்டமாக வரும் லென்ஸை, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஃப்ரேமின் வடிவத்துக்கு விளிம்பு தேய்த்து உட்கார வைப்பது அவள் வேலை. நாள் முழுக்கத் தண்ணீர் தெறிக்கும் சக்கரத்தின் முன்னால் நின்று, நகக்கண்ணில் வெள்ளைச் சேறு அப்பியபடி வீட்டுக்குப் போவாள். தெரிந்தவர்கள் எல்லாரும் அவளைக் 'கண்ணாடி' என்றே கூப்பிட்டார்கள். அவன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவன். அதனால் எல்லாருக்கும் மாஸ்டர். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் என்ன செய்தாலும் கடைசியில் வண்டியை நிறுத்துவது அந்தக் கால்தான். சமரசம் பேச வந்த அதிகாரி, உங்களுக்குள் என்னதான் பிரச்சினை என்று கேட்டபோது அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "ஏழு வருஷமா நான் ஓட்டுறேன், இவர் பிரேக் போடுறார்." அவனும் சளைக்கவில்லை. "காலைல காபி குடுத்தாக்கூட டம்ளர்ல கீறல் இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கிற பொம்பளைங்க சார்" என்றான்.

பிரிந்தபிறகு அவள் அவனை 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவன் அவளை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தான். ஒருத்தி இறங்கினாள், ஒருத்தன் ஏறினான். இரண்டுமே திட்டுதான்.

அவர்கள் ஆடியது பெட்டியில் வாங்கி வரும் விளையாட்டு இல்லை. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்வார்கள். அதில் ஒருவர் நடுவர். இடிந்த கோட்டை, உள்ளே இருட்டு, எங்கோ சங்கிலி இழுபடும் சத்தம் என்று நடுவர் கதையைச் சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கதவை உடைக்கிறேன், பேயை வெட்டுகிறேன் என்று வாயால் சொல்வதுதான் ஆட்டம். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். யாரால் என்ன முடியும் என்பது அவரவர் எடுத்துக்கொண்ட வகையைப் பொறுத்தது. திருடன் பூட்டுத் திறப்பான்; வைத்தியச்சி காயம் ஆற்றுவாள். கடையில் விற்கும் விதிப் புத்தகங்கள் தலையணை கனத்தில் இருந்தன. அவற்றைப் படித்துச் சலித்துப்போய், நாமே எழுதினால் என்ன என்று துணிந்து எழுதியவள் கண்ணாடி. அந்த மேசைக்கு நடுவரும் அவளே.

அவள் எழுதிய வகைகளிலேயே பேர் போனது சத்தியவீரன். கல்யாணமான புதிதில் அவனுக்காகவே எழுதியது. கனமான இரும்புக் கவசம் வேண்டும் என்றான், கொடுத்தாள். தொட்டால் காயம் ஆற வேண்டும் என்றான், அதையும் கொடுத்தாள். பயம் என்பதே இருக்கக் கூடாது, கெட்டவன் யார் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், வாளில் தெய்வ ஒளி இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனான். அவளும் கொடுத்துக்கொண்டே போனாள். அந்த ஒளியையும், வெட்டு விழுந்ததைப் பகடையில் பார்த்துவிட்டு அதன்பிறகு இறக்கினால் போதும் என்று எழுதி வைத்தாள். அதனால் ஒளி வீணாகவே போகாது. இத்தனைக்கும் பதிலாக வீரன் செய்ய வேண்டியது, அறம் தவற மாட்டேன் என்று ஒரு சத்தியம். அந்தச் சத்தியத்தை அவன் தன்மேல் சுமந்ததைவிட அடுத்தவர் தலையில் வைத்ததுதான் அதிகம். திருடன் ஒரு பெட்டியைத் திறக்கக் கை நீட்டினால், "என் சத்தியம் இதை அனுமதிக்காது" என்று குறுக்கே வாளை நீட்டுவான். அங்கேயும் பிரேக் அவன் காலடியில்தான்.

ஆட்டம் நடந்தது ஒரு மருந்துக்கடைக்கு மேலே. மாடிப்படி முழுக்க அட்டைப்பெட்டிகள். அறையில் இருமல் மருந்தும் பினாயிலும் கலந்த வாசனை. ஒரு கால் ஆடும் மேசைக்குக் காலாவதியான மாத்திரை அட்டைகளை மடித்து முட்டுக் கொடுத்திருந்தது. கடைக்குச் சொந்தக்காரி மாஸ்டரின் அக்கா, கண்ணாடிக்கு அண்ணி. கோர்ட் தீர்ப்பில் அண்ணியைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் அவள் அண்ணியாகவே தொடர்ந்தாள். ஆட்டத்தில் அவள்தான் வைத்தியச்சி. நாலாவது ஆள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர். ஊரிலுள்ள நாய்கள் எல்லாம் ஒரு காலத்தில் அவருக்கு எதிரி. அவர்தான் திருடன்.

முன்னாள் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கதைக்குள் மட்டும் பேச்சு உண்டு. பேச வேண்டியதை எல்லாம் அங்கேயே பேசினார்கள்.

"கோட்டைக் காவல்காரன் உன்னைத் தடுக்கிறான்" என்பாள் அவள். "கவசத்தைப் பார்த்தா பெரிய மனுஷன் மாதிரி இருக்கு, உள்ள ஆள் இருக்கானான்னு கேக்கிறான்."

"அந்தக் காவல்காரன்கிட்ட சொல்லுங்க" என்பான் அவன். "நம்பி வந்தவனைப் பாதி வழியில விடுறவங்களுக்குக் காவல் ஒரு கேடான்னு என் வீரன் கேக்கிறான்."

தபால் சார் தொண்டையைக் கனைப்பார். அண்ணி பகடையை நகர்த்தி வைப்பாள்.

வெள்ளம் புகுந்த சுரங்கம் ஒன்றை வைத்து அவள் ஆட்டம் நடத்திய ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வெடித்தது. அந்தச் சுரங்கத்துக்காக அவள் ரொம்பவே மெனக்கெட்டிருந்தாள். தண்ணீருக்கடியில் செத்தவர்கள் எழுந்து வர வேண்டும். திருடன் மதகைத் திறக்க வேண்டும். வைத்தியச்சி ஓடி ஓடிக் காயம் ஆற்ற வேண்டும். சத்தியவீரன் இறங்கினான். கெட்டது எங்கே இருக்கிறது என்று பார்த்தவுடன் சொன்னான். வெட்டினான், வெட்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு ஒளியை இறக்கினான். அடிபட்டபோது தன் நெஞ்சில் தானே கைவைத்து ஆற்றிக்கொண்டான். மறுபடி வெட்டினான். தபால் சார் நாற்காலியிலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனார். அண்ணி கீழே போய் ஒரு பெட்டிச் சரக்கைக் கொண்டு வந்து, விலைச்சீட்டு ஒட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, உன் முறை" என்றான் மாஸ்டர்.

"என் முறையில நான் என்னடா செய்ய? உனக்கு அடியும் படாது, பட்டா நீயே தடவிக்குவ. நான் எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கேன், கைதட்டவா?"

"ஜெயிக்கிறோம்ல?"

"நீ ஜெயிக்கிற. நாங்க பார்க்கிறோம்." அண்ணி சீட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். "எழுதினவ நீ. இந்த வீரனைத் திருத்து. இல்லேன்னா அடுத்த வாரத்துலருந்து இந்த ரூம்ல சரக்கு அடுக்கிடுவேன்."

கண்ணாடிக்கு அதைக் கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்தச் சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் வேண்டாம் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க எழுதினாள். பேனா தானாகவே ஓடியது. சத்தியவீரன் பொய் சொல்லக் கூடாது. பொய் சொல்கிறவனோடு ஒரே நெருப்பில் குளிர் காயவும் கூடாது. முதுகுக்குப் பின்னால் யாரையும் வெட்டக் கூடாது. பரிசு வாங்கக் கூடாது. கோபத்தில் வாளெடுத்தால் அன்றைக்குச் சக்தி இல்லை. பெருமை பேசினால் அந்த வாரமே சக்தி இல்லை. ஒரு சத்தியம் தவறினாலும் கவசம் துருப்பிடித்து உதிரும். எழுத எழுத மாஸ்டரின் முகம்தான் கண்முன் வந்தது. 'பெருமை பேசினால்' என்ற வரியை எழுதும்போது சிரித்தே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தான். காது மட்டும் சிவந்தது.

"இது யாருக்காக எழுதினது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"சத்தியவீரன் ஆடுற யாருக்கும்" என்றாள் அவளும் சுவரைப் பார்த்து.

"ஆடுறது நான் ஒருத்தன்தானே?"

"அது என் தப்பா?"

"கோர்ட்ல கேக்க முடியாததை எல்லாம் இதுல கேட்டு வெச்சிருக்கீங்க. சந்தோஷம். இதையும் ஒரு வக்கீல் வெச்சு எழுதியிருக்கலாம், எழுத்துப்பிழையாவது இல்லாம இருந்திருக்கும்."

அண்ணி இருவருக்கும் நடுவில் கை நீட்டித் தாளைப் பிடுங்கினாள். மருந்துச் சீட்டைப் படிக்கும் அதே முகத்தோடு மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அண்ணி தன் பக்கம் நிற்பாள் என்றுதான் கண்ணாடி நம்பியிருந்தாள்.

"இது வீரன் இல்லம்மா" என்றாள் அண்ணி. "ஜாமீன்ல வெளிய வந்தவன். தினம் ஸ்டேஷன்ல போய் கையெழுத்துப் போடணும்னு ஒண்ணுதான் பாக்கி. இவனைக் கூட்டிக்கிட்டு நான் எந்தக் கோட்டைக்குப் போறது?"

தபால் சார் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினாள். அட்டைப்பெட்டி ஒன்று காலில் இடறி உருண்டது. எடுத்து வைக்கவில்லை.

அண்ணி சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு இரண்டு மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் மனசுக்குள் அண்ணியோடும் சண்டை போட்டு முடித்திருந்தாள். பிறகு வேறு வழியில் இறங்கினாள். கடையில் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கூட்டம் இருக்காது. முன்னால் முதலாளி கல்லாவில் கன்னத்தைத் தாங்கியபடி கண்ணயர்ந்திருப்பார். பின்னறையில் தேய்க்கும் சக்கரத்தை நிறுத்திவிட்டு, லென்ஸ் துடைக்கும் துணியை மேசையில் விரித்து, அதில் பகடை உருட்டினாள். துணியில் உருட்டினால் சத்தம் வராது. அதே சுரங்கம், அதே செத்தவர்கள். ஒருமுறை சத்தியவீரனை மட்டும் இறக்குவாள். ஒருமுறை அவனுக்குப் பதில் சாதாரண வாள்வீரனை. ஒருமுறை வைத்தியச்சி இல்லாமல். எதை எடுத்தால் எது சாய்கிறது என்று பார்த்தாள்.

அவன் பலமாக வெட்டுவதுதான் தொல்லை என்று எல்லாரையும் போல அவளும் நினைத்திருந்தாள். வாளின் பலத்தைப் பாதியாக்கிப் பார்த்தாள். சண்டை நீண்டதே தவிர வைத்தியச்சிக்கு அப்போதும் வேலை வரவில்லை. கவசத்தைக் கழற்றிப் பார்த்தாள். அவன் அடி வாங்கினான், நெஞ்சில் கைவைத்தான், எழுந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாளும் கவசமும் ஒரு பொருட்டே இல்லை. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறவனுக்குப் பக்கத்தில் ஆளே தேவையில்லை. அங்கேதான் மற்ற மூவரும் மேசையிலிருந்து காணாமல் போகிறார்கள்.

அதை வெட்டினாள். இனி அவன் கை அடுத்தவருக்கு மட்டும்தான் ஆற்றும். அதுவும் சும்மா இல்லை. எவ்வளவு உயிர் கொடுக்கிறானோ அவ்வளவு அவன் உயிரிலிருந்து போகும். ஒளியை வெட்டு விழுவதற்கு முன்பே சொல்லி இறக்க வேண்டும். பகடை தவறினால் ஒளியும் போச்சு. அந்த ஜாமீன் நிபந்தனைகளை எல்லாம் கிழித்துப் போட்டாள். மூன்றே சத்தியங்கள், ஆடுகிறவர் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அது அவரை மட்டுமே கட்டும், அடுத்தவர் கையைப் பிடிக்காது. நஷ்டப்பட்டுச் சத்தியத்தைக் காப்பாற்றினால் இழந்த ஒளி திரும்பி வரும். வாளின் பலத்தை இருந்தபடியே விட்டாள். கவசத்தையும் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்தது.

முதலாளி கொட்டாவி விட்டபடி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பகடையா? கடையில சூதாட்டம்னு யாராவது எழுதிப் போட்டுறப் போறாங்க."

"காசு வெக்கல முதலாளி."

"அப்போ எதுக்கு முகத்தை இவ்வளவு உக்கிரமா வெச்சிருக்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி புதிய தாளைப் படித்துவிட்டு, "இவன் கூட நான் வருவேன்" என்றாள். தபால் சாரும் தலையாட்டினார். மாஸ்டர் மட்டும் தாளைத் தொடவே இல்லை.

"அவ்வளவு நியாயமான வீரன்னா நீங்களே ஆடுங்க" என்றான். கதைக்கு வெளியே அவள் முகத்தைப் பார்த்து அவன் நேராகப் பேசியது பிரிந்தபிறகு அதுதான் முதல்முறை. "நான் நடத்துறேன்."

"நடத்து" என்றாள்.

நாற்காலி மாறினார்கள். நடுவரின் குறிப்புகளை மற்றவர்கள் பார்க்காமல் மறைக்கும் அட்டையை அவன் தன் முன்னால் நிறுத்தினான். அவள் சத்தியவீரனை எடுத்தாள். மூன்று சத்தியங்களில் அவள் தேர்ந்தெடுத்தது, அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிட மாட்டேன் என்பது. அதைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. புதிதாகக் கற்க வந்தவன் கியர் மாற்றும்போது தப்புச் செய்யப் போகிறான் என்று முன்கூட்டியே தெரிந்த மாஸ்டரின் முகம் அது.

எரிகிற ஊர் ஒன்றைச் சொன்னான். கதை சொல்வதில் அவன் கெட்டிக்காரன். அதை அவள் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை. புகைக்குள்ளிருந்து கைக்குழந்தையோடு ஒருத்தி ஓடிவந்து "அடைக்கலம்" என்றாள். வீரன் கேடயத்தை அவள்மேல் பிடித்தான். நொண்டியபடி ஒரு கிழவர் வந்தார், அடைக்கலம். மேற்கூரையிலிருந்து இரண்டு பேர், அடைக்கலம். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல், அடைக்கலம். எதிரி வில்லாளிகள் வீரனைக் குறிவைக்கவே இல்லை. அடைக்கலம் வந்தவர்களைக் குறிவைத்தார்கள். ஒவ்வொரு அம்புக்கும் கண்ணாடி கைவைத்து ஆற்றினாள். ஒவ்வொரு தடவையும் வீரனின் உயிர் குறைந்தது. அண்ணி ஓடிவந்து அவளுக்கு ஆற்றினாள். தபால் சார் வில்லாளிகளின் ஏணியைச் சாய்த்தார். அந்த அறையில் வெகுநாளைக்குப் பிறகு மூன்று பேருமே நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவன் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தான். தெரு தெருவாக வந்தார்கள்.

கடைசியில் எதிரிப் படைத்தலைவனே முன்னால் வந்தான். சத்தியவீரனின் வாள் அவன் கழுத்தில் இறங்கப் போகும்போது மாஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அவன் மண்டி போடுறான். அடைக்கலம்னு கேக்கிறான்."

அவள் வாளை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினாள். அவள் திரும்பியதும் படைத்தலைவன் முதுகில் குத்தினான். பகடை உருண்டது. சத்தியவீரன் செத்தான்.

"இது ஏமாத்து வேலை" என்றாள்.

"நிஜமா கேட்டாத்தான் அடைக்கலம்னு விதியில எங்க எழுதியிருக்கு? காட்டுங்க பார்ப்போம்." தாளை இப்போதுதான் கையில் எடுத்து அவள் முன்னால் தள்ளினான். "எத்தனை பேர் கேக்கலாம்னும் எழுதல. யார் வேணும்னாலும் வந்து கையேந்தலாம், இவன் செத்துக்கிட்டே இருக்கணும். அப்படித்தானே? இதை எழுதினவங்களே தாக்குப்பிடிக்கல. நான் எதுக்குப் பிடிக்கணும்?"

"நீ கதை நடத்தல. பழி தீர்த்துக்கிட்ட."

"நீங்க போன வாரம் எழுதினது என்னவாம், வாழ்த்து மடலா?"

"போதும்டா" என்றாள் அண்ணி.

"போதும்தான்" என்று அவன் எழுந்தான். மறைப்பு அட்டையை மடக்கி வைத்தான். பழைய சத்தியவீரனின் விதிகளுள்ள தாள், கல்யாணமான புதிதில் அவள் கைப்பட எழுதியது, மூலையில் ஒரு கோப்பைக்குள் சுருண்டு கிடந்தது. அதை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். "என் வீரன் என்கூட வரட்டும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்காகக் கோர்ட்டில் அவ்வளவு சண்டை போட்டவன், அதை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அவள் ஜெயித்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அவன் காட்டிய ஓட்டை தாளிலேயே பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

அடைத்துப் பார்த்தாள். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அடைக்கலம் என்று எழுதினாள். விதி வேலை செய்தது. ஆனால் அடுத்த ஆட்டத்திலேயே, இடிபாட்டுக்குள்ளிருந்து கைநீட்டிய ஒரு குழந்தையிடம் சத்தியவீரன் 'ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார்' என்று சொல்ல வேண்டி வந்தது. "பேங்க்ல டோக்கன் குடுக்கிற மாதிரி இருக்கும்மா" என்றாள் அண்ணி. கண்ணாடிக்கும் அது உறுத்தியது. வேறு வழி தெரியாமல் அப்படியே விட்டு வைத்தாள்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலின் முன்னறையில் தனியாக மேசை போட்டுவிட்டான் என்ற செய்தி தபால் சார் வழியாக வந்தது. சாலை விதிப் படங்கள் மாட்டிய சுவருக்குக் கீழே, லைசென்ஸ் எடுக்க வந்தவர்களையே பிடித்து உட்கார வைத்திருந்தான். தபால் சார் புதன்கிழமை அங்கே, ஞாயிற்றுக்கிழமை இங்கே. வேலையில் இருந்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காகச் சேதி கொண்டுவந்து கொடுத்ததில்லை என்று அண்ணி சொன்னாள்.

"அங்க பழைய வீரன்தானே?" என்று கண்ணாடி ஒருநாள் கேட்டாள். கேட்கக் கூடாது என்று பல வாரம் வாயை அடக்கி வைத்திருந்தவள்.

தபால் சார் கொஞ்சம் நெளிந்தார். "முதல் ரெண்டு வாரம் பழசுதான்மா. லாரி கம்பெனி வெச்சிருக்கிற ஒரு அம்மா அந்த வீரனை எடுத்தாங்க. மாஸ்டர் வாரம் பூரா உக்காந்து ஒரு மலைப்பாம்பு அரசனை ஜோடிச்சுக் கொண்டாந்திருந்தார். அது வாயைத் திறக்கிறதுக்குள்ள அந்தம்மா ஒளியை இறக்கி முடிச்சுட்டாங்க. 'அவ்ளோதானா மாஸ்டர்?'ன்னு வேற கேட்டாங்க. நம்ம ஆளு முகம் சுண்டிப்போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எங்கிட்டருந்த பிரதியை வாங்கிட்டுப் போய், உன்னோட புதுசைத்தான் கொண்டுவந்தார்."

"என் பேர் சொன்னானா?"

"அவர் உன் பேரைச் சொல்றதை நீ கேட்டிருக்கியா?" என்று சொல்லிவிட்டுத் தபால் சார் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மாஸ்டர் அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தது. அவள் எழுதிய வரிகள் அப்படியே இருந்தன, முற்றுப்புள்ளிகூட மாறவில்லை. திருட்டுப்பயல் என்று பல்லைக் கடித்தாள். அடைக்கலம் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள். அங்கே மட்டும் வேறு வரி இருந்தது. கேட்பதால் மட்டும் சத்தியம் பிறப்பதில்லை. வீரன் தன் வாயால் 'நான் இருக்கிறேன்' என்று சொன்னால்தான் பிறக்கும். சொன்னபிறகு திரும்பப் பெற முடியாது. எத்தனை பேருக்குச் சொல்வது என்பது வீரனின் பாடு.

அதைத் தப்பு என்று நிரூபிக்க அவள் ஒரு வாரம் பாடுபட்டாள். லென்ஸ் துடைக்கும் துணியில் அந்த எரியும் ஊரையே திரும்பத் திரும்ப எரித்தாள். ஆயிரம் பேர் கேட்டாலும் வீரன் முடிந்தவரைக்கும்தான் சொல்வான். படைத்தலைவன் மண்டியிட்டாலும் வாயைத் திறக்காமல் இருக்கலாம். குழந்தையைப் பார்த்தால் டோக்கன் பார்க்க வேண்டியதில்லை. நடுவர் எவ்வளவு கெட்ட எண்ணத்தோடு நடத்தினாலும் ஆடுகிறவரைச் சிக்க வைக்க முடியவில்லை. சிக்கினால் அது அவர் வாயாலேயே சிக்கியது. ஓட்டை இருக்கும் என்று எங்கே விரலை வைத்தாலும் அங்கே அடைத்திருந்தது. சனிக்கிழமை துணியைச் சுருட்டி எறிந்துவிட்டு, தன் தாளில் 'ஒரு நேரத்தில் ஒருவர்' என்பதை அடித்தாள். அவன் வரியை எழுதினாள்.

"நல்லா இருக்கே, யார் யோசனை?" என்று அண்ணி கேட்டாள்.

"மேசையில வந்தது."

அண்ணி தன் தம்பியின் வாசனையை அதில் பிடித்துவிட்டாள் போல. "பேர் போட மாட்டியா?"

"மாட்டேன். அவன் போட்டானா?"

மழைக்காலம் முடியும் சமயத்தில் மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்தான். கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கலாகிவிட்டது. விண்ணப்பங்களைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்று முன்னால் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தது பின்னறைக்குக் கேட்டது. ஊரில் வேறு கடையே இல்லையா என்று அவள் நினைத்தாள். விலை இங்கேதான் குறைவு என்பதும் அவளுக்குத் தெரியும். அவனுடைய லென்ஸும் வந்தது. மற்ற எல்லாருடையதையும் தேய்ப்பது போலவே தேய்த்தாள். கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. ஃப்ரேமில் உட்கார வைத்து, துடைத்து, காதில் சரியாக நிற்கிறதா என்று பார்க்க அவளே வெளியே வர வேண்டியிருந்தது. அது அவள் வேலை.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் கல்லாவின்மேல் கிடந்த விலைப்பட்டியலைப் படித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"என் வரியை எடுத்துட்டீங்களாம்" என்றான். தபால் இரண்டு பக்கமும் போகும் என்பதை அவள் மறந்திருந்தாள்.

"நீ என் ரெண்டு பக்கத்தை எடுத்துட்ட. ஒரு வரிக்கு வந்து கணக்குக் கேக்கிறியா?"

"அந்த ஒரு வரி இல்லேன்னா அந்த ரெண்டு பக்கமும் செத்திருக்கும்."

"அந்த ரெண்டு பக்கம் இல்லேன்னா நீ இன்னமும் உன் நெஞ்சை நீயே தடவிக்கிட்டு உக்காந்திருப்ப."

முதலாளி கணக்குப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான், மறுபடி போட்டான். "லாரிக்காரம்மா நல்லா ஆடுறாங்க" என்றான். "போன வாரம் மூணு பேருக்கு 'இருக்கேன்'னு சொல்லிட்டு, மூணு பேரையும் வெளிய கொண்டாந்துட்டு, வாசல்ல விழுந்தாங்க. எல்லாரோட டீயும் ஆறிப்போச்சு."

அவளுக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. "எவ்வளவு உயிர் பாக்கி இருந்தது அவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு."

"ரெண்டுன்னா வைத்தியன் எங்க போனான்?"

"அடைச்ச கதவுக்கு அந்தப் பக்கம். நான்தான் அடைச்சேன்."

"அடைப்ப" என்றாள்.

அவன் பணத்தை முதலாளியிடம் கொடுத்தான். போகிறவன் திரும்பி, கண்ணாடியின் இடப்பக்கக் காம்பைத் தொட்டுக்காட்டினான். "இடது காது வலிக்குது."

"அது கண்ணாடியால இல்ல. இத்தனை வருஷமா அந்தக் காதுல எதுவும் போகாம அடைச்சு வெச்சிருந்த வலி."

அப்படிச் சொன்னாலும் கையை நீட்டினாள். அவன் கழற்றிக் கொடுத்தான். காம்பின் நுனியைச் சூடான காற்றில் காட்டி, விரலால் ஒரு நூல் அளவு வளைத்துத் திருப்பிக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தான். வலிக்கிறதா இல்லையா என்று சொல்லாமலே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அவள் பின்னறைக்குப் போய்ச் சக்கரத்தைப் போட்டாள். அடுத்த லென்ஸ் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது.